ஐந்தில் இரண்டா, இரண்டில் ஐந்தா?

மூன்றாம் ஆண்டு படிக்கும் சிறுமி ஒருத்தியை மனத்தில் வைத்துக்கொள்வோம். அம்மா வாங்கிவந்த கேக்கை ஐந்து பேருக்குச் சமமாக வெட்டச் சொன்னால் கொஞ்சமும் பிசகாமல் வெட்டுவாள். தன் துண்டோடு, டியூஷனிலிருந்து இன்னும் வராத அண்ணன் துண்டையும் சேர்த்துத் தட்டில் வைத்துக்கொள்வாள். மொத்தக் கேக்கில் ஐந்தில் இரண்டு பங்கு இப்போது அவளிடம். அது அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

மறுநாள் வகுப்பில் ஆசிரியை, "ஐந்தில் இரண்டு, எழுதுங்க" என்கிறார். சிறுமி ஐந்தை எழுதி, அதன்கீழ் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இரண்டை எழுதுகிறாள். 5/2. அதாவது இரண்டரைக் கேக்! சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுகிறது.

"வீட்டுல எல்லாம் கணக்கா செய்யுது, பள்ளிக்கூடத்துல மட்டும் ஏன் இப்படி?" என்று அம்மா கேட்கிறார். ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர் குறைவு. செயற்கை நுண்ணறிவை வகுப்பறைக்குள் கொண்டுவருவது பற்றி இன்று எத்தனையோ பேர் பேசுகிறார்கள். அந்தக் கருவி இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுமா என்பதை வைத்துத்தான் இந்த அத்தியாயத்தில் அதை எடைபோடப் போகிறேன்.

மூன்று மொழி, இரண்டு வரிசை

தமிழில் "ஐந்தில் இரண்டு" என்கிறோம். முழுமையை எத்தனையாகப் பிரித்தோம் என்பது முதலில் வருகிறது. எத்தனையை எடுத்தோம் என்பது பிறகு. மலாயில் அதே பின்னம் "டுவா பெர்லிமா". இரண்டு முதலில், ஐந்து பின்னால். ஆங்கிலத்தின் "டூ ஃபிஃப்த்ஸ்" என்பதும் அப்படித்தான்.

எழுதும்போது எல்லா மொழிக்காரர்களும் இரண்டை மேலே போட்டு, ஐந்தைக் கீழே போடுகிறோம். மேலே உள்ளது தொகுதி, கீழே உள்ளது பகுதி. மேலிருந்து கீழே எழுதிப் பழகிய கைக்கு மலாயும் ஆங்கிலமும் தோதாக இருக்கின்றன. தமிழ்ச் சொல் எதிர்த்திசையில் ஓடுகிறது. நம் சிறுமி காதில் விழுந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். சீனத்திலும் பகுதிதான் முதலில் வரும் என்பதால், ஈப்போவில் எதிர்ச்சாரியில் இருக்கும் சீனப்பள்ளிப் பிள்ளைக்கும் இதே தொல்லை இருக்கக்கூடும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இதே சிறுமியிடம் "முக்கால்" என்று சொல்லிப் பாருங்கள். 3/4 என்று சரியாக எழுதிவிடுவாள். மூன்று கால் சேர்ந்தது முக்கால். அங்கே மூன்று முன்னால் நிற்கிறது. தமிழ் தன் பழைய பின்னப் பெயர்களில் ஒரு வரிசையையும் பாடநூல் பெயர்களில் வேறொரு வரிசையையும் வைத்திருக்கிறது. இந்தச் சின்ன முரண்பாடு சற்று நேரத்தில் நமக்கு ஒரு துப்பாகப் பயன்படப் போகிறது.

அப்படியானால் தமிழ் வரிசை பிள்ளைகளுக்கு இடைஞ்சலா என்று கேட்கலாம். எழுதும்போது இடைஞ்சல்தான். புரிந்துகொள்ளும்போது கதை வேறு. கொரிய மொழியிலும் பின்னத்தின் பெயர் "இத்தனையில் இத்தனை" என்றே அமைகிறது. அதே அமைப்பில் ஆங்கிலத்திலேயே பெயர் சொல்லிக் கேட்டபோது, அமெரிக்கப் பிள்ளைகள் பின்னத்துக்கு உரிய படத்தை முன்பைவிட நன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. "ஐந்தில்" என்று சொன்னவுடனேயே ஐந்து துண்டு கண்முன் வந்துவிடுகிறது. தமிழ் நம் சிறுமிக்குப் பொருளைக் கொடுத்துவிட்டது. கை மட்டும்தான் திசை தடுமாறுகிறது.

லயத்துப் பள்ளிகள்

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மலேசியாவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. 1877-இல் கோலகங்சாரில் நட்ட கித்தா (ரப்பர்) மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் பின்வந்த தோட்டங்கள்தாம் இந்தப் பள்ளிகளுக்கு வித்து. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, சில இடங்களில் கிராணியே வாத்தியார். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. சனங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு நகர்ந்தார்கள். "லாடாங்" (தோட்டம்) என்ற சொல்லைப் பெயரில் சுமந்துகொண்டு பள்ளிகள் மட்டும் சில இடங்களில் அங்கேயே நிற்கின்றன. 150 பேருக்கு மேல் இல்லாத பள்ளிகளைக் கல்வி அமைச்சு "குறைந்த மாணவர் பள்ளி" என்று தனியே வகைப்படுத்துகிறது.

பள்ளியின் மொழியும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. அடுத்த பத்தாண்டுக்குள் தமிழுக்குத் திரும்பின. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது, சில பள்ளிகள் மறுபடி ஆங்கிலத்துக்குப் போயின. ஆறாம் ஆண்டு முடிந்து முதல் படிவத்துக்குப் போனால் பெரும்பாலும் எல்லாம் மலாயில். மலாய் போதாதவர்கள் அதற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். ஒரே வீட்டில் அக்கா பின்னத்தை ஆங்கிலத்திலும் தம்பி தமிழிலும் படித்திருப்பார்கள். பாலர் பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலக் காணொளி, பாட்டியிடம் தோட்டத்துத் தமிழ் என்று வளரும் பிள்ளை, எந்தப் பின்னத்தை எந்த மொழியில் முதலில் கேட்டது என்பதை யார் கண்டார்கள்?

ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டின் சுமை இன்னும் கூடுதலாக ஆசிரியர் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு அடைவுநிலைகளில் ஒன்றை அவர் குறித்தாக வேண்டும். 5/2 என்று எழுதியவளுக்கு எந்த நிலை?

பிழைக்கும் ஒரு விதி உண்டு

பிள்ளை ஏன் இப்படிப் பிழை செய்கிறது என்ற கேள்விக்குக் கணினியை முதலில் பயன்படுத்தியவர்கள் இன்றைய ஆட்கள் இல்லை. 1978-இல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 45 என்பார்கள். கவனக்குறைவு என்று தள்ளிவிடத் தோன்றும். ஒன்றாம் இடத்தைப் பாருங்கள்: 2-இலிருந்து 7 போகாது, அதனால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டார்கள். "எப்போதும் பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று அவர்களுக்குள் ஒரு விதி இருக்கிறது. அடுத்த கணக்கிலும் அதற்கடுத்த கணக்கிலும் அதே விதியை நாணயமாகப் பின்பற்றுவார்கள்.

தவறாக இருந்தாலும் விடாமல் பின்பற்றப்படும் இத்தகைய விதியை வழுவிதி என்று அழைப்போம். பிரவுனும் பர்ட்டனும் செய்த நிரல், பிள்ளையின் விடைகளைப் பார்த்து எந்த வழுவிதி அவற்றை உண்டாக்கியிருக்கும் என்று தேடியது. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த விளையாட்டு. "பக்கி" என்று அதற்குப் பெயர். கணினி ஒரு வழுவிதியை உள்ளே வைத்துக்கொண்டு மாணவன்போல் நடிக்கும். பயிற்சி ஆசிரியர்கள் புதிய கணக்குகளைக் கொடுத்துக் கொடுத்து அதன் மனத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியருக்குப் பதிலாக வந்து நிற்காமல், ஆசிரியரின் காதைக் கூர்மையாக்கிய இயந்திரம் அது.

பன்னிரண்டு கேள்விகள்

அதே யோசனையில் நாமும் ஒரு கருவி கட்டிப் பார்ப்போம். கைப்பேசி ஒன்று போதும். அது பிள்ளையிடம் பன்னிரண்டு கேள்விகள் கேட்கும், வகைக்கு மூன்று.

முதல் மூன்றைத் தமிழில் சொல்லி எழுதச் சொல்லும்: ஐந்தில் இரண்டு, ஏழில் மூன்று, எட்டில் ஐந்து. அடுத்த மூன்று மலாயில்: டுவா பெர்லிமா என்பதுபோல். பிறகு பழைய பெயர்கள்: அரை, கால், முக்கால். கடைசி மூன்றில் எழுத்தே கிடையாது. பிள்ளை விரும்பும் மொழியில் ஒரு பின்னத்தைச் சொல்லும். வெறும் தாள்நாடாவைத் தானே கட்டம் பிரித்து வண்ணம் தீட்ட வேண்டும். அதைப் படம் பிடித்தால் கருவி கட்டங்களை எண்ணிக்கொள்ளும்.

நம் சிறுமி செய்கிறாள். தமிழ் மூன்றும் தலைகீழ். மலாய் மூன்றும் சரி. அரை, கால், முக்கால் சரி. தமிழில் சொல்லச் சொல்லி வரைந்த நாடாக்களும் சரி: ஐந்து கட்டம், இரண்டில் வண்ணம்.

இங்கேதான் இயந்திரத்தின் "சிந்தனை" என்று நாம் சொல்வது நடக்கிறது. அதனிடம் போட்டியிடும் ஊகங்கள் சில இருக்கின்றன. பின்னமே புரியவில்லை என்பது ஒன்று. குருட்டாம்போக்கில் எழுதுகிறாள் என்பது இரண்டு. கேட்ட வரிசையில் எழுதுகிறாள் என்பது மூன்று. ஒவ்வோர் ஊகமும் பன்னிரண்டு கேள்விகளுக்கும் தன்பாட்டில் ஆரூடம் சொல்லும். ஆரூடம் பலித்த ஊகத்துக்கு எடை ஏறும், பொய்த்ததற்கு இறங்கும்.

பின்னம் புரியாதவளாக இருந்தால் நாடாக்கள் சரியாக வந்திருக்காது. குருட்டாம்போக்கு என்றால் எதை மேலே போடுவது என்பது காசு சுண்டிப் போடுவதற்குச் சமம். எழுதிய ஒன்பதில் தமிழ் மூன்று மட்டும் தலைகீழாகவும் மற்ற ஆறு நேராகவும் தற்செயலாக விழ 512-இல் ஒரு வாய்ப்புத்தான். (இரண்டை ஒன்பது முறை பெருக்கிக்கொள்ளுங்கள்.) மூன்றாவது ஊகமோ பன்னிரண்டையும் அச்சாகச் சொல்லிவிடுகிறது. முக்கால் ஏன் தப்பியது என்பதையும் சேர்த்து. மதிப்பெண் என்று பார்த்தால் அவளுக்குப் பன்னிரண்டுக்கு ஒன்பது. அந்த ஒன்பது இதில் எதையுமே சொல்லாது.

மூளை பெரிதாக வேண்டாம், பார்த்தீர்களா. இந்தப் பகுதியை 1978-இன் கணினியே செய்திருக்கும். இன்றைய செயற்கை நுண்ணறிவு தேவைப்படுவது அடுத்த படியில்: பிள்ளையின் வாயைத் திறக்க வைத்து, சொல்வதைக் கேட்கும் இடத்தில்.

"டூலு" என்ற சிக்கல்

"ஏன்மா ஐந்தை மேலே போட்டாய்?" என்று கருவி கேட்கிறது. சிறுமி பதில் சொல்கிறாள்: "நீங்கதான அஞ்சு டூலு சொன்னீங்க, சோ அத மேல போட்டேன்."

எட்டே சொல். தமிழ் வாக்கியம், நடுவில் மலாய், கொஞ்சம் தள்ளி ஆங்கிலம். "டூலு" என்றால் மலாயில் முதலில். அந்த ஒரு சொல்லில்தான் நோயறிதல் முழுவதும் இருக்கிறது. அதைத்தான் இயந்திரம் தவறவிடும்.

காரணம் இது. பேச்சை எழுத்தாக்கும் நிரல்களில் பெயர்பெற்றது ஓப்பன் ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர். 680,000 மணி நேர ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகியது. அதில் ஆங்கிலம் நீங்கலான 96 மொழிகளுக்குக் கிடைத்த பங்கு 117,000 மணி. தமிழ் அந்தக் கூட்டத்தில் ஒன்று. மேலும், அது ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்துக்கொண்டு, ஒரு துண்டுக்கு "இது இன்ன மொழி" என்று ஒரே ஒரு சீட்டு ஒட்டுகிறது. நம் சிறுமியின் பதில் ஐந்து விநாடி. அதில் மொழி மூன்று. தமிழ் என்று சீட்டு ஒட்டிவிட்டால் "டூலு" அதற்குத் தெரிந்த ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லாகத் திரிந்துவிடலாம், "தோலு" என்றுகூட. அஞ்சு தோலு சொன்னீர்கள் என்று ஆசிரியையின் திரையில் வந்தால் என்ன செய்வது?

குழந்தைக் குரல் வேறொரு சங்கடம். தொண்டைக் குழல் குட்டை, குரல் கீச்சு. பெரியவர்களின் பேச்சில் பழகிய இயந்திரம் அதில் அதிகம் தடுக்கி விழும். தோட்டத்துத் தமிழ் என்றால் இன்னும் கஷ்டம். கித்தா, பெரட்டு, நெரை, மங்கு என்று பேசும் தமிழுக்குச் சென்னைத் தொலைக்காட்சியில் பழகிய காது போதாது.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வுகள் உண்டு: சொல்லுக்குச் சொல் மொழியைக் கணிப்பது, கலவைப் பேச்சையே பதிவுசெய்து பழக்குவது. நான் கட்டினால் அதற்கு முன் ஒரு சின்ன காரியம் செய்வேன். பின்ன வகுப்பில் பிள்ளைகள் வாயில் வரும் சொற்கள் கொஞ்சம்தான். டூலு, அத்தாஸ், பாவா, ஃபர்ஸ்ட்டு, மேல, கீழ, திருப்பி. பேராக்கில் பத்து ஆண்டு பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் அந்தப் பட்டியலை எழுதித் தந்துவிடுவார். இயந்திரத்தின் காதில் அதைப் போட்டுவிட்டால் தோலு போய் டூலு வந்துவிடும்.

இப்படி மொழி விட்டு மொழி தாவுவது குறை என்று நினைத்துப் பிள்ளையை அதட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1990-களில் இதற்கென்றே ஒரு சொல்லை உருவாக்கினார். வெல்ஷில் ஒன்றைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவது, ஆங்கிலத்தில் படித்து வெல்ஷில் பேசுவது என்று பாடத்தையே அப்படி அமைப்பது அவர் முறை. தமிழில் மொழித்தாவல் எனலாம். நம் ஆசிரியைகள் பெயர் தெரியாமலே அதைத்தான் நாள்தோறும் செய்கிறார்கள்.

வெள்ளி என்றால் என்ன?

கேட்பது போகட்டும், எழுதும் இயந்திரம்? "மூன்றாம் ஆண்டுக்குப் பின்னக் கணக்கு பத்துக் கொடு" என்றால் இன்றைய மொழி மாதிரிகள் கண்ணிமைப்பதற்குள் கொடுத்துவிடும். தமிழும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ஆனால் கணக்கில் ரூபாய் வரும், மாம்பழம் வரும், பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பேருந்து வரும். புந்தோங் பிள்ளைக்கு ரெண்டு வெள்ளிக்குக் கச்சாங் பூத்தே வாங்கித்தான் பழக்கம். "வெள்ளி" என்றால் அவளுக்கு ரிங்கிட். இயந்திரத்துக்கோ உலோகம், கிழமை, கோள். ரிங்கிட் நினைவுக்கு வந்தால் அதிர்ஷ்டம்.

மொழிபெயர்ப்பிலும் பள்ளங்கள் உண்டு. மலாய்க் கணக்கில் "பாக்கி" என்றால் மிச்சப் பணம். தமிழ்ப் பிள்ளையின் வீட்டிலும் பாக்கி உண்டு. கடைக்காரரின் 555 புத்தகத்தில் அப்பா பெயருக்கு நேரே எழுதியிருப்பது அது. இரண்டும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள்தாம். ஒருவருக்கு அது கையில் உள்ள காசு, மற்றவருக்குக் கொடுக்க வேண்டிய கடன். 50 வெள்ளியில் 38 வெள்ளிக்குச் சாமான் வாங்கினால் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் 38 என்று எழுதும் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று யார் சொன்னது?

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது. மொழி மாதிரிகள் எழுத்தை அப்படியே படிப்பதில்லை. சின்னத் துணுக்குகளாக நறுக்கி விழுங்குகின்றன. "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். குறிக்கு மூன்று பைட்டு வீதம் பதினைந்து பைட்டு. அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்தே பைட்டு. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த நறுக்குக் கத்தி தமிழைப் பொடிப்பொடியாக்கிவிடும். வேலை மெதுவாகும், செலவு ஏறும். பக்கத்து வீட்டில் இதற்கு ஒரு முயற்சி நடக்கிறது. ஏஐ சிங்கப்பூர் அமைப்பு 2023-இல் வெளியிட்ட சீ-லயன் மாதிரி, தென்கிழக்காசிய மொழிகளுக்கென்றே செய்யப்பட்டது. மலாயும் தமிழும் ஒரே கூரையின்கீழ் அதில் இருக்கின்றன. நம் சிறுமியின் வீட்டைப்போல.

ஆசிரியை மேசையில்

கருவி கடைசியில் ஆசிரியையிடம் என்ன கொடுக்க வேண்டும்? வண்ண வண்ண வரைபடங்கள் வேண்டாம் என்பது என் கட்சி. முப்பது பிள்ளைகளை வைத்திருப்பவருக்கும், ஒரே அறையில் இரண்டு ஆண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்துபவருக்கும் நேரம் கிடையாது. ஆளுக்கு இரண்டு வரி போதும். பிள்ளைகளின் குரல் பள்ளியை விட்டு வெளியே போகாமல் அந்தக் கைப்பேசியிலேயே அழிந்துவிட வேண்டும்.

சிறுமிக்கு வந்த இரண்டு வரி: "கேட்ட வரிசையில் எழுதுகிறாள், பொருள் தெரியும். கோட்டை முதலில் போடச் சொல்லி, தமிழில் கேட்டால் கீழிருந்து மேலே எழுதச் சொல்லிப் பாருங்கள்." ஆசிரியை சொல்லிப் பார்க்கிறார். கோடு, அதன்கீழ் ஐந்து, அதன்மேல் இரண்டு. அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. தமிழ் வரிசையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பட்டியலில் அவளுக்கு அடுத்த பெயர் ஒரு பையனுடையது. அவனுக்கும் பன்னிரண்டுக்கு ஒன்பது. எழுதிய ஒன்பதும் சரி. தமிழில் கேட்டால் திருப்பிப் போட வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எழுத்துத் தேர்வு மட்டும் வைத்திருந்தால் முழு மதிப்பெண், முன்வரிசை. நாடா மூன்றும் தவறு. டுவா பெர்லிமா என்று மலாயில் கேட்டு அவன் வரைந்ததில் ஏழு கட்டம்: இரண்டில் வண்ணம், ஐந்து வெறுமை.

"தம்பி, இங்க வா."

வருகிறான். "இதுல எத்தன கட்டம்?" என்று ஆசிரியை கேட்க, "இது டுவா, இது லிமா, டீச்சர்" என்று விரலால் தொட்டுக் காட்டுகிறான். ஆசிரியை இழுப்பறையிலிருந்து கித்தாக் கொட்டைகளை எடுத்து மேசையில் கொட்டுகிறார்.

"அஞ்சு எடுத்து வை."

வைக்கிறான்.

"அந்த அஞ்சுல ரெண்டு எனக்குக் குடு."

கொடுக்கிறான். தன் முன்னால் மிச்சம் கிடக்கும் மூன்று கொட்டைகளைப் பார்க்கிறான். தான் வரைந்த நாடாவில் இருக்கும் ஐந்து வெறுங்கட்டங்களைப் பார்க்கிறான். மறுபடி கொட்டைகளைப் பார்க்கிறான்.

"டீச்சர், அழிப்பான் இருக்கா?"